மேலோடியில் முழுத்திரை: தமிழ்ப் படவில்லைகளை எங்கும் காட்டும் வழி

வகுப்பறைச் செயற்றிட்டம், விஞ்ஞானக் கழகக் கூட்டம், தமிழ்மொழித் தின விழா, மீலாத் நிகழ்வு என எதுவாக இருந்தாலும் இப்போது மேடையோரத்தில் ஒரு மடிக்கணினியும் எதிரே ஒரு வெள்ளைத் திரையும் இருக்கின்றன. பேசுபவர் சொல்வதைச் சபையோர் கண்ணாலும் காண உதவுவது படவில்லை. க.பொ.த. சாதாரண தரத்திலே முன்வைப்பு மென்பொருளைப் பற்றிப் படிக்கிறோம். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தைத் தெரிவு செய்தவர்கள் வலைப்பக்கம் அமைக்கவும் படிக்கிறோம். இவ்விரண்டும் சந்திக்கும் இடம்தான் வலை மேலோடியில், அதாவது பிரவுசரில், படவில்லைகளை முழுத்திரையாகக் காட்டுவது. தமிழ் மொழிமூலம் கற்கும் நமக்கு அது ஏன் தேவை, அதை எப்படிச் செய்வது என்பதை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

படவில்லை வந்த வழி

பவர்பொயின்ட் மென்பொருள் 1987 ஆம் ஆண்டு மக்கின்டோஷ் கணினிகளுக்காக வெளிவந்தது. றொபேர்ட் கஸ்கின்ஸ், டெனிஸ் ஒஸ்டின் ஆகியோர் ஃபோர்தோட் என்ற சிறிய நிறுவனத்தில் அதை உருவாக்கினர். அதே ஆண்டில் மைக்ரோசொஃப்ட் அந்நிறுவனத்தை வாங்கியது. அன்று முதல் இன்றுவரை அம்முறையில் ஒரு நிபந்தனை இருக்கிறது. கோப்பைத் திறக்கும் கணினியில் அந்த மென்பொருளோ அதற்கு ஒத்த இன்னொன்றோ இருக்க வேண்டும்.

மேலோடி அப்படியல்ல. அது எல்லாக் கணினிகளிலும் கைபேசிகளிலும் இருக்கிறது. எனவே மேலோடியிலேயே படவில்லைகளைக் காட்டலாம் என்ற எண்ணம் விரைவில் தோன்றியது. 1998 இல் வெளியான சீஎஸ்எஸ் இரண்டாம் பதிப்பு, எறியித் திரைக்கென்று ஒரு தனி ஊடக வகையை வரையறுத்தது. 2004 இல் எரிக் மேயர் என்பவர் ‘எஸ்5’ என்ற இலவச முறையை வெளியிட்டார். ஒரேயொரு எச்டிஎம்எல் கோப்பில் முழு முன்வைப்பும் அடங்கிவிடும். 2007 இல் கூகுளின் படவில்லைச் சேவை வந்தது. 2011 இல் ஹக்கிம் எல் ஹத்தாப் உருவாக்கிய ‘ரிவீல் ஜேஎஸ்’ இன்றும் பலரால் பயன்படுத்தப்படுகிறது.

பாமினியால் வரும் சிக்கல்

நமது பிரதேசத்தில் தமிழ்த் தட்டச்சு என்றாலே பலருக்கும் பாமினி எழுத்துருதான் நினைவுக்கு வரும். அழைப்பிதழ், வினாத்தாள், துண்டுப்பிரசுரம் எல்லாம் பெரும்பாலும் அதில்தான் அச்சாகின்றன. ஆனால் பாமினியில் தட்டச்சு செய்யும்போது கணினியின் நினைவகத்தில் தமிழ் எழுத்து சேமிக்கப்படுவதில்லை. ஆங்கில எழுத்துகளே சேமிக்கப்படுகின்றன. அவற்றின் மேல் தமிழ் வடிவம் போர்த்தப்படுகிறது. ‘தமிழ்’ என்று எழுத நாம் தட்டும் சாவிகள் ஜே, கே, பீ, ஓ, அரைப்புள்ளி ஆகிய ஐந்துமாகும். பாமினி நிறுவப்படாத கணினியில் அக்கோப்பைத் திறந்தால் அந்த ஐந்து குறிகளும் அப்படியே திரையில் நிற்கும்.

இதன் விளைவை நான் ஒரு போட்டி நிகழ்ச்சியில் நேரில் கண்டேன். வேறொரு பாடசாலையிலிருந்து வந்த தங்கை ஒருத்தி நீர் மாசடைதல் பற்றி அழகாகப் பேசத் தொடங்கினாள். திரையிலோ பொருளற்ற ஆங்கில எழுத்துகள். நடுவர்களில் ஒருவர் “இது என்ன பாஷை மகள்?” என்று கேட்டார். சபை சிரித்தது. அவள் மனனம் செய்ததைக் கொண்டு பேசி முடித்தாள். பின்னர் அவளிடம் கதைத்தபோது, “தாத்தா, இனி நான் இங்கிலீசிலதான் செய்வேன்” என்றாள்.

அவளது அந்த முடிவுதான் என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. திரையில் தமிழ் சிதைந்துவிடும் என்ற அச்சத்தால், தமிழில் விளங்கிப் படித்த விடயத்தைப் பாதி விளங்கும் ஆங்கிலத்தில் காட்டினால் சொல்பவருக்கும் கேட்பவருக்கும் நட்டமே. ஆங்கிலம் கற்பது அவசியம். ஆனால் எழுத்துருக் கோளாறுக்குப் பயந்து தமிழைக் கைவிடத் தேவையில்லை.

தீர்வு ஒருங்குறி

ஒருங்குறி, அதாவது யூனிகோட், ஒவ்வொரு மொழியின் எழுத்துகளுக்கும் தனித்தனி எண்களை வழங்குகிறது. 1991 இல் வெளியான அதன் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. தமிழின் முதன்மைப் பகுதிக்கென 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. இலங்கையின் எஸ்எல்எஸ் 1326 என்ற தமிழ் நியமமும் ஒருங்குறியையே அடிப்படையாகக் கொண்டது. விண்டோஸ் கணினிகளில் லதா அல்லது நிர்மலா எழுத்துரு உள்ளது. அன்ட்ரொய்ட் கைபேசிகளிலும் ஒருங்குறித் தமிழ் தெரியும். எனவே ஒருங்குறியில் எழுதிய படவில்லை கல்முனையிலும் கொழும்பிலும் ஒரே விதமாக வாசிக்கப்படும்.

பாமினி விசைப்பலகைக்குப் பழகிய விரல்களை மாற்ற வேண்டியதில்லை. இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்ற மென்பொருள்களில் பாமினி விசைப்பலகை அமைப்பைத் தெரிவு செய்து ஒருங்குறியில் எழுதலாம். பழைய கோப்புகளுக்கு எழுத்துரு மாற்றிகள் இருக்கின்றன. அதற்கும் நேரமில்லாவிட்டால் கோப்பைப் பீடிஎஃப் ஆகச் சேமியுங்கள். எழுத்துருவும் கோப்புடன் சேர்ந்தே போகும்.

முழுத்திரையாக்கும் வழிகள்

1. விண்டோஸ் கணினியில் குரோம், ஃபயர்ஃபொக்ஸ், எட்ஜ் ஆகிய மூன்றிலும் எஃப்11 சாவியை அழுத்தினால் முகவரிப் பட்டை மறைந்து பக்கம் திரை முழுவதையும் நிரப்பும். சில மடிக்கணினிகளில் எஃப்என் சாவியையும் சேர்த்து அழுத்த வேண்டும். மீண்டும் எஃப்11 ஐ அழுத்தினால் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

2. கூகுள் படவில்லைகளில் கொன்ட்ரோல், எஃப்5 இரண்டையும் சேர்த்து அழுத்தினால் அப்போதிருக்கும் படவில்லையிலிருந்து காட்சி தொடங்கும். வெளியேற எஸ்கேப் சாவி.

3. பீடிஎஃப் கோப்பை ஃபயர்ஃபொக்ஸில் திறந்து, கருவிப்பட்டியிலுள்ள பட்டியலில் முன்வைப்பு முறையைத் தெரிவு செய்தால் ஒவ்வொரு பக்கமும் ஒரு படவில்லையாகத் தோன்றும்.

ஒரு வலைப்பக்கம் நாம் சொடுக்காமல் தானாக முழுத்திரைக்குப் போக முடியாது. போனவுடன், வெளியேறும் முறையைச் சொல்லும் ஓர் அறிவிப்பும் மேலே தோன்றும். இதற்குப் பாதுகாப்பே காரணம். முகவரிப் பட்டை மறைந்திருக்கும்போது ஒரு போலிப் பக்கம் வங்கியின் பக்கம்போல நடித்துக் கடவுச்சொல்லைத் திருட இடமுண்டு. ஆகவே அந்த அறிவிப்பைத் தொல்லையாக எண்ண வேண்டாம்.

நாமே ஒரு படவில்லைப் பக்கம் அமைத்தல்

உயர்தரத்தில் படிக்கும் எச்டிஎம்எல், சீஎஸ்எஸ் அறிவே இதற்குப் போதும். ஒவ்வொரு படவில்லையையும் ஒரு ‘செக்‌ஷன்’ பகுதியாக எழுதுங்கள். அதன் உயரத்தை 100 ‘வீஎச்’ என்று கொடுங்கள். ஒரு வீஎச் என்பது மேலோடிச் சாளரத்தின் உயரத்தில் நூறில் ஒரு பங்கு. ஆகவே திரை எந்த அளவாக இருந்தாலும் ஒரு பகுதி சரியாக ஒரு திரையை நிரப்பும். எழுத்தின் அளவையும் வீஎச்சில் கொடுத்தால் அதுவும் திரைக்கேற்பப் பெருகிச் சுருங்கும். ‘ஸ்க்ரோல் ஸ்னாப்’ பண்பைச் சேர்த்தால் பக்கத்தை நகர்த்தும்போது ஒவ்வொரு படவில்லையும் நேராக வந்து நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்தின் தலைப்பகுதியில் எழுத்துத் தொகுதி யூடிஎஃப்-8 என்று குறிப்பிட மறக்க வேண்டாம். அது இல்லாவிட்டால் ஒருங்குறித் தமிழும் சிதைந்து தோன்றக்கூடும்.

இப்படி அமைத்த கோப்பைப் பென்ட்ரைவில் எடுத்துச் செல்லலாம். அதைத் திறக்க இணைய இணைப்புத் தேவையில்லை. மண்டபத்தில் சிக்னல் கிடைக்காத இடங்களில் இது பெரிய வசதி.

திரையின் அளவும் தமிழ் எழுத்தும்

பல பழைய எறியிகள் 1024க்கு 768 என்ற 4:3 விகிதமுடையவை. நாம் தயாரிக்கும் படவில்லைகளோ பெரும்பாலும் 16:9 விகிதத்தில் இருக்கும். அத்தகைய படவில்லை அந்த எறியியில் 1024க்கு 576 அளவில்தான் தெரியும். மேலும் கீழும் 96 புள்ளிகள் வீதம் கறுப்புப் பட்டி விழும். எறியியின் விகிதத்தை முன்கூட்டியே கேட்டறிந்தால் இதைத் தவிர்க்கலாம்.

தமிழுக்கு இன்னொரு கவனமும் தேவை. கி, கீ போன்றவற்றில் மேலேயும் கு, கூ போன்றவற்றில் கீழேயும் குறிகள் நீள்கின்றன. வரிகளை நெருக்கினால் அவை ஒன்றோடொன்று முட்டும். வரி இடைவெளியை ஒன்றரை மடங்காக வையுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் ஒரு படவில்லைக்கு ஐந்தாறு வரிகளுக்கு மேல் வேண்டாம். பின்வரிசையில் இருப்பவரும் வாசிக்க வேண்டுமல்லவா?

மேடை ஏறுமுன்

நிகழ்ச்சி நடக்கும் கணினியிலேயே கோப்பை ஒருமுறை திறந்து பாருங்கள். பீடிஎஃப் பிரதி ஒன்றையும் உடன் வைத்திருங்கள். கைபேசியிலிருந்து வரும் அறிவித்தல்களையும் மற்றத் தாவல்களையும் மூடிவிடுங்கள். மின்சாரம் தடைப்பட்டாலும் பேசக்கூடிய அளவுக்கு விடயத்தை நன்கு படித்திருங்கள்.

அன்பான சகோதரிகளே, முழுத்திரையில் எதையும் மறைக்க முடியாது. நமது எழுத்து பிழையின்றி இருந்தால் அது முழு மண்டபத்துக்கும் தெரியும். சிதைந்திருந்தால் அதுவும் தெரியும். அடுத்த செயற்றிட்டத்தை ஒருங்குறியில் எழுதி, மேலோடியில் திறந்து, எஃப்11 ஐ அழுத்திப் பாருங்கள். பிறகு அதை உங்கள் வகுப்புத் தங்கை ஒருத்திக்குச் சொல்லிக்கொடுங்கள். அப்போது எந்தத் தங்கையும் திரைக்குப் பயந்து தன் மொழியை விட்டுவிடமாட்டாள், இன்ஷா அல்லாஹ்.