பின் பனிவிளக்கு: எப்போது போடுவது, எப்போது நூர்ப்பது?

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பது எமது பழமொழி. ஆனால் குடாநாட்டில் வழி தெரியாமற் போவதும் தை, மாசி மாதங்களிலேதான். கார்த்திகை, மார்கழி மழையில் தரையும் குளங்களும் நிறைந்து நிற்கின்றன. மழை விட்டபின் வானம் வெளிக்கிறது, காற்று அடங்குகிறது. இரவில் நிலம் விரைவாகக் குளிர, அதை ஒட்டிய ஈரக்காற்றும் குளிர்ந்து நுண்ணிய நீர்த்துளிகளாக மாறுகிறது. விடியற்புறத்தில் வயல்வெளியை மூடும் பனிமூட்டம் இதுவே.

அந்த நேரத்தில்தான் எமது குடும்பங்கள் வீதியில் இறங்குகின்றன. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்து சண்டிலிப்பாயிலும் அயலிலும் இருப்போர், குத்தகைத் தோட்டத்துக்கோ விடுவிக்கப்பட்ட தம் காணிக்கோ போவதென்றால் விடியுமுன் சைக்கிளை எடுக்க வேண்டும். சங்கானை, சுன்னாகம் சந்தைகளுக்கு மரக்கறி கொண்டு போவோரும் அப்படியே. அதே நேரத்தில் மானிப்பாய் – காரைநகர் வீதியால் பஸ்ஸும் லொறியும் வானும் ஓடுகின்றன. அவற்றை ஓட்டுவோரிலும் எமது பிள்ளைகள் உண்டு. ஆகவே இப்பாடம் சாரதிக்கும் சைக்கிள்காரருக்கும் பொதுவானது.

1. இது என்ன விளக்கு?

சாரதிகள் ‘ஃபொக் லைற்’ என்று சொல்லும் விளக்குகள் இரண்டு வகை. முன்னால் இருப்பது வீதியைக் காண உதவுவது. பின்னால் இருக்கும் சிவப்பு விளக்கு நாம் காண்பதற்கு அல்ல, பின்னால் வருபவர் எம்மைக் காண்பதற்கு.

அதன் பலத்தை அறிந்தால் மற்றதெல்லாம் விளங்கும். ஒரு மெழுகுதிரியின் ஒளியை ஓர் அலகாகக் கொள்வோம். ஐக்கிய நாடுகளின் வாகன விதிகளின்படி, சாதாரணப் பின் விளக்கின் ஒளி ஆகக் குறைந்தது 4 அலகு. பிறேக் விளக்கு ஆகக் குறைந்தது 60 அலகு. பின் பனிவிளக்கோ 150 முதல் 300 அலகு வரை. அதாவது பிறேக் விளக்குக்கு நிகராக, பல வேளைகளில் அதையும் மிஞ்சி எரிவது இது. இதனாலேயே இரண்டுக்கும் இடையில் 10 சென்ரிமீற்றருக்கு மேல் இடைவெளி இருக்கவேண்டும் என்றும் விதித்திருக்கிறார்கள்.

பிரித்தானியாவில் 1980 ஏப்ரல் 1 முதல் பாவனைக்கு வந்த வாகனங்களுக்கு இவ்விளக்கு கட்டாயம். யப்பானில் கட்டாயம் இல்லை. எனவே அங்கிருந்து எமது நாட்டுக்கு வரும் வாகனங்கள் பலவற்றில் இது இருப்பதில்லை. சில வாகனங்களில் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும். இடப்பக்கமாக ஓடும் எமது நாட்டில் அது வலப்பக்கமாக இருக்கவேண்டும். ஒன்றுதான் எரிகிறது என்று குமிழை மாற்ற ஓடவேண்டாம்.

2. எப்போது போடவேண்டும்?

பிரித்தானிய விதி, பார்வைத் தூரம் 100 மீற்றருக்குக் குறைந்தால் போடலாம் என்கிறது. ஜேர்மனியில் இன்னும் கண்டிப்பு: பனியினால் பார்வைத் தூரம் 50 மீற்றருக்குக் குறைந்தால் மட்டுமே போடலாம், அப்போது வேகமும் மணிக்கு 50 கிலோமீற்றரைத் தாண்டக் கூடாது.

100 மீற்றரை எப்படி மதிப்பிடுவது? உதைபந்தாட்ட மைதானமொன்றின் ஒரு கோல் கம்பத்திலிருந்து மறு கோல் கம்பம் வரையுள்ள தூரம் ஏறக்குறைய அவ்வளவு. பகலில் உங்கள் படலையிலிருந்து அத்தூரத்தை அளந்து, அங்குள்ள பனையையோ மதகையோ அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் அப்பனை தெரியாவிட்டால் விளக்கைப் போடுங்கள். தெரிந்தால் தேவையில்லை.

நுவரெலியா, ஹற்றன் பக்கம் லொறி ஓட்டும் பிள்ளைகளுக்கு இது நாளாந்தத் தேவையாக வரலாம். மலைப்பாதையில் ஒரு வளைவு வெளித்திருக்கும், அடுத்த வளைவு மூடியிருக்கும். ஒவ்வொரு முறையும் போடுவதும் நூர்ப்பதும் சிரமம் என்று எண்ணலாகாது.

3. எப்போது நூர்க்கவேண்டும்?

பின்னால் வருபவர் எம்மைத் தெளிவாகக் காணத் தொடங்கியதும் அதன் வேலை முடிந்தது. அதன்பின் எரிந்தால் இரண்டு தீமைகள் உண்டு. முதலாவது, அவருடைய கண் கூசுகிறது. முன்னால் போகும் சைக்கிளையோ கடக்கும் மாட்டையோ அவர் காணமாட்டார். இரண்டாவது, நாம் பிறேக் பிடிப்பது அவருக்குத் தெரியாமற் போகலாம். முன்பே பலமாக எரியும் சிவப்புக்குப் பக்கத்தில் இன்னொரு சிவப்பு எரிந்தால் யாருக்கு வித்தியாசம் தெரியும்? காப்பாற்ற வந்த விளக்கே மோதலுக்குக் காரணமாகிவிடும்.

ஆகவே தெளிந்த இரவில் அழகுக்காகப் போடக் கூடாது. சாதாரண மழையிலும் கூடாது; ஈரத் தார் அந்த வெளிச்சத்தை இரட்டிப்பாகக் காட்டும். எதிரே எதுவும் தெரியாத அடைமழையென்றால் 100 மீற்றர் அளவே அங்கும் வழிகாட்டி. சந்தியிலோ புகையிரதக் கடவையிலோ மற்ற வாகனம் எமக்குப் பின்னால் ஒட்டி நிற்கும்போதும் அது தேவையில்லை.

இவ்விளக்கு எரியும்போது சாரதியின் முன் மஞ்சள் அடையாளம் ஒன்று தோன்றும். முன் பனிவிளக்குக்குரியது பச்சை. மஞ்சளைக் கண்டால், ‘இன்னும் தேவையா?’ என்று கேட்டுக்கொள்வது நல்ல பழக்கம்.

விளக்கு வேகத்துக்கு அனுமதிச் சீட்டு அல்ல என்பதையும் மறக்கலாகாது. மணிக்கு 60 கிலோமீற்றரில் போகும் வாகனம் ஒரு விநாடியில் சுமார் 17 மீற்றர் ஓடிவிடுகிறது. 50 மீற்றர் மட்டுமே தெரியும் பனியில், ஈர வீதியில், அந்த வேகத்தில் வரும் லொறியை நேரத்துக்கு நிறுத்துவது அரிது.

4. இவ்விளக்கு இல்லாத வாகனம்

முன் விளக்கைத் தாழ்த்திப் போட்டால் பின் விளக்கும் சேர்ந்து எரியும். உயர்த்திப் போட்டால் பனித்துளிகளில் பட்ட வெளிச்சம் எமது கண்ணுக்கே திரும்பி, வெள்ளைச் சுவராகத் தெரியும். ஓடும்போது இரு பக்கச் சைகை விளக்குகளையும் ஒன்றாக மினுங்க விடவேண்டாம்; நாம் எப்பக்கம் திரும்பப் போகிறோம் என்பது மற்றவருக்குத் தெரியாமற் போகும். புறப்படுமுன் பின் விளக்கின் சேற்றைத் துடைப்பது ஒரு சதமும் செலவில்லாத காரியம்.

5. விளக்கே இல்லாதவர்கள்

1990 களின் முற்பகுதியில் குடாநாட்டில் மின்சாரம் இல்லை, எரிபொருள் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. வீதியில் வாகனம் அருமையாக இருந்ததால், விளக்கின்றிச் சைக்கிள் ஓடுவது எமக்குப் பழகிவிட்டது. இன்று வீதிகள் காப்பற் வீதிகளாகி வேகம் கூடிவிட்டது. பழைய பழக்கம் மட்டும் மாறவில்லை.

சைக்கிளின் பின் மட்காட்டில் இருக்கும் சிவப்புத் தெறிப்பான் நல்லதே. ஆனால் பின் கரியரில் வெங்காய மூட்டையைக் கட்டியதும் அது மறைந்துவிடுகிறது. அப்போது இன்னொன்றை மூட்டையின் பின்புறத்திலேயே கட்டவேண்டும். லான்ட்மாஸ்ரர் பெட்டியின் பின் மூலைகள் இரண்டிலும் ஒளி தெறிக்கும் சிவப்புப் பட்டி ஒட்டவேண்டும். வைக்கோலோ எருவோ அதை மூடாதபடி பார்க்கவேண்டும்.

இருந்தும் தெறிப்பானை மட்டும் நம்பலாகாது. அதற்குச் சொந்த ஒளி இல்லை. வரும் வாகனத்தின் வெளிச்சம் பனியைக் கடந்து வந்து, மீண்டும் பனியைக் கடந்து சாரதியின் கண்ணுக்குப் போகவேண்டும். தானாக எரியும் சிறு சிவப்பு விளக்கின் ஒளி ஒருமுறை கடந்தாற் போதும். எனவே பற்றரியில் எரியும் பின் விளக்கொன்று பனிக்காலத்தில் ஆடம்பரம் அல்ல. மண்வெட்டியைப் போல ஒரு தொழிற் கருவி.

வாகனம் உள்ளவருக்கு அளவுக்கு மிஞ்சிய வெளிச்சம், இல்லாதவருக்கு ஒரு பொட்டு வெளிச்சமும் இல்லை என்ற நிலை ஒரே வீதியில் இருக்கலாகாது. முன்னவர் தேவை முடிந்ததும் நூர்க்கட்டும், பின்னவருக்கு நாம் ஒரு விளக்குக் கிடைக்கச் செய்வோம்.

கூடிப் பேசுவோம், செய்வோம்

1. விடியுமுன் வீதிக்குப் போகும் எமது சங்க அங்கத்தவர்கள் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேரிடம் பின் விளக்கு உண்டு?

2. சங்கத்தின் சேமிப்பிலிருந்து சிறு கடனாகப் பின் விளக்கும் தெறிப்பானும் வாங்கிக் கொடுக்க முடியுமா?

3. எமது கிராமத்தில் வான், லொறி ஓட்டும் பிள்ளைகளை ஒரு மாலை அழைத்து, 100 மீற்றரை வீதியிலேயே அளந்து காட்டுவோமா?

அடுத்த மார்கழி மழை விடுமுன் இம்மூன்றுக்கும் விடை காண்போம்.