முதல் மதிப்பெண் மகள் அழுகிறாள்

கேள்வி: என் மகள் எம்.பி.பி.எஸ். முதலாண்டு படிக்கிறாள். பள்ளியில் எப்போதும் முதலிடம். இப்போது அனாட்டமி இன்டர்னலில் ஃபெயில். சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, போனில் அழுகிறாள். மனநல மருத்துவரிடம் போனால் பெயர் கெடுமோ?
- ஒரு தாய், திருநெல்வேலி

பதில்: கெடாதம்மா. சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது.

உங்கள் மகள் தனி ஆள் இல்லை. 43 நாடுகளின் மருத்துவ மாணவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழ் வெளியிட்டது. நூற்றுக்கு 27 பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள். அவர்களில் சிகிச்சை தேடியவர்கள் 16 சதவீதம்தான். நாளை பிறர் நோயைக் கண்டறியப் போகிறவர்கள் தங்கள் நோயை மறைக்கிறார்கள். எனக்கு இது பெரும் வேதனை.

முதலிடத்துப் பிள்ளைகள் மட்டுமே கூடும் வகுப்பில் யாரோ ஒருவர் கடைசியாக வரத்தான் வேண்டும். அந்தத் தோல்வி அவளுக்குப் புதிது. "கஷ்டப்பட்டு வாங்கின சீட்" என்று மட்டும் நினைவூட்டாதீர்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே இருந்தால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். சாவைப் பற்றிப் பேசினால் அன்றைக்கே பார்க்க வேண்டும்; அவளைத் தனியாக விடாதீர்கள். 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. இந்த வாரமே விடுதிக்குப் போய் அவளைப் பாருங்கள் அம்மா.