ஆனந்தவனத்துப் பிள்ளைகள்

மகாராட்டிர மாநிலத்தின் சந்திரபூர் மாவட்டத்தில், வரோரா என்னும் ஊரை அடுத்து ஆனந்தவனம் உள்ளது. கல்லும் முள்ளும் மண்டிக் கிடந்த நிலத்தில், 1949ஆம் ஆண்டு தொழுநோயாளர்களுக்காக அதனை நிறுவியவர் பாபா ஆம்தே. வழக்குரைஞர் தொழிலைத் துறந்து வந்த அவருக்கு மனைவி சாதனா உற்ற துணையாக நின்றார். விகாஸ், பிரகாஷ் என்னும் மகன்கள் இருவரும் அப்போது சிறு குழந்தைகள்.

அக்காலத்தில் தொழுநோய் கண்டவரை உற்றாரே வீட்டைவிட்டு விலக்கினர். இச்சிறுவர்களுக்கோ அவர்களே அண்டை அயலார். விரலிழந்த கைகள் கிணறு தோண்டுவதையும், பாறை நிலத்தைப் பண்படுத்திப் பயிர் விளைவிப்பதையும் நாள்தோறும் கண்டு அவர்கள் வளர்ந்தனர். ஈகை மனிதனைத் தாழ்த்தும், உழைப்பே அவனை நிமிர்த்தும் என்பது பாபாவின் கொள்கை. பிள்ளைகள் அதனை அறிவுரையாகக் கேட்டதைவிட, வாழ்க்கையாகக் கண்டதே மிகுதி. தொழுநோயாளரை இரங்கத்தக்கவராக அன்றி, உழைப்பாளராகவே அவர்கள் அறிந்தனர்.

இருவரும் மருத்துவம் பயின்றனர். விகாஸ் ஆனந்தவனப் பணியை ஏற்றார். நாக்பூரில் அறுவை மருத்துவ மேற்படிப்பில் இருந்த பிரகாஷ் அதனை இடையில் விட்டு, 1973இல் ஹேமல்கசா என்னும் காட்டுப்பகுதிக்குச் சென்றார். தந்தையின் பெரும்புகழ் பிள்ளைகளுக்குச் சுமையாவதும் உண்டு; பிரகாஷ் தமக்கெனத் தனிக்களம் ஒன்றைக் கண்டது அவருக்கு நல்லதாயிற்று.

அங்கே மின்சாரம் இல்லை. மழைக்காலத்தில் வழியும் இல்லை. உடன் சென்ற மனைவி மந்தாகினியும் மருத்துவரே. தொண்டுக் குடும்பத்தில் பிறவாது அதில் வந்து இணைந்த அவருடைய துணிவு தனியே போற்றத்தக்கது. மாடியா கோண்டு பழங்குடியினர் முதலில் இவர்களை அணுகவே அஞ்சினர். இருவரும் அவர்தம் மொழியைக் கற்றுப் பொறுமையுடன் காத்திருந்தனர். வலிப்பு நோயுடன் கடுந்தீக்காயமும் உற்ற சிறுவன் ஒருவன் இவர்கள் மருத்துவத்தால் நலம்பெற்றான். மூளைக்காய்ச்சலாக முற்றிய மலேரியாவால் இறக்கும் நிலையில் இருந்த ஒருவரும் பிழைத்தார். செய்தி காடெங்கும் பரவியது. மக்கள் நெடுந்தொலைவு நடந்து வரத் தொடங்கினர்.

பாபா 1985இல் பெற்ற மகசேசே விருதினை, 2008இல் பிரகாஷும் மந்தாகினியும் பெற்றனர். அதனைக் காணப் பாபா இல்லை. அவ்வாண்டு பிப்ரவரித் திங்களிலேயே மறைந்துவிட்டார்.

ஹேமல்கசாவில் 1976இல் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. தம் பிள்ளைகளை நகரத்துப் பள்ளிக்கு அனுப்பாமல், மாடியா சிறுவர்களோடு அங்கேயே படிக்கவைத்தனர் அவ்விணையர். அவர்தம் மூத்த மகன் இன்று அதே மருத்துவமனையில் மருத்துவர்.