மீந்த பாலும் ஒரு ரூபாய்க் காசும்

வீட்டில் இரண்டு லிட்டர் பால் மீந்தது. நாளை மறுநாள் எல்லோரும் கல்யாணத்துக்குப் போகிறார்கள். திரும்பி வர நான்கு நாள் ஆகும்.

"பாலை ஃபிரிட்ஜின் ஃபிரீசரில் வைக்கட்டுமா, அத்தை?" என்று மருமகள் கேட்டாள்.

"போன தடவை கண்ணாடி பாட்டிலில் முழுக்க ஊற்றி வைத்தாய். பாட்டில் உடைந்தது. பாலும் வீணானது" என்றார் மாமியார்.

பாட்டில் ஏன் உடைந்தது? பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான். தண்ணீர் உறைந்தால் அதற்கு அதிக இடம் வேண்டும். இடம் இல்லாவிட்டால் பாட்டில் உடையும்.

இந்தத் தடவை மருமகள் இப்படிச் செய்தாள்:

1. பாலைப் பொங்கக் காய்ச்சினாள். பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்துச் சீக்கிரம் ஆற வைத்தாள்.
2. சுத்தமான சிறிய எவர்சில்வர் டப்பாக்களில் ஊற்றினாள். மேலே இரண்டு விரல் இடம் விட்டு மூடினாள்.
3. ஒவ்வொரு டப்பாவிலும் தேதி எழுதி ஒட்டினாள். பழைய பாலை முதலில் எடுக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

"நாம் இல்லாதபோது கரண்ட் போனால் எப்படித் தெரியும்?" என்று மாமியார் கேட்டார்.

மருமகள் ஒரு டம்ளர் தண்ணீரையும் உறைய வைத்தாள். மறுநாள் அந்த ஐஸ்கட்டியின் மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்தாள்.

ஊரிலிருந்து வந்ததும் ஃபிரீசரைத் திறந்தார்கள். பால் கல் போல இருந்தது. ஆனால் காசு ஐஸ்கட்டியின் மேல் இல்லை. டம்ளரின் அடியில் கிடந்தது.

"பால் நன்றாகத்தானே உறைந்திருக்கிறது? இரண்டு லிட்டரையும் கொட்டுவதா?" என்றார் மாமியார்.

"ஐஸ் உருகியதால்தான் காசு அடிக்குப் போனது, அத்தை. நெடுநேரம் கரண்ட் இல்லை. பாலும் உருகித் திரும்ப உறைந்திருக்கும்."

உறைய வைத்தால் எல்லாக் கிருமிகளும் சாவதில்லை. அவை பெருகாமல் இருக்கும், அவ்வளவுதான். பால் உருகிக் கிடந்தால் மறுபடியும் பெருகும். சில கிருமிகள் விடும் நஞ்சு, காய்ச்சினாலும் போகாது.

மாமியார் பேரனைப் பார்த்தார். பிறகு டப்பாக்களை எடுத்து, பாலை அவரே கொட்டினார்.

காசு மேலேயே இருந்தால் பாலை எடுக்கலாம். முதல் நாள் இரவு டப்பாவை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். உருகிய பாலில் கொழுப்பு பிரிந்து தெரியலாம். நன்றாகக் கலக்கிக் காய்ச்சுங்கள். உருகிய பாலை மறுபடி உறைய வைக்காதீர்கள்.

பேசுவோம், எழுதுவோம்

1. டப்பாவில் ஏன் இரண்டு விரல் இடம் விட வேண்டும்?
2. மாமியார் ஏன் பாலைக் கொட்டினார்?
3. இன்றைய தேதியை ஒரு சீட்டில் எழுதுங்கள். உங்கள் வீட்டில் எந்தெந்த டப்பாவில் அதை ஒட்டலாம்?