கணக்கறிந்த கருணை

நுழையும்முன்

தொழில் நடத்துவோர் முன் என்றும் நிற்கும் வினா ஒன்று உண்டு. ஈட்டும் பொருள் பெரிதா, எதிரில் நிற்கும் மனிதர் பெரியவரா? இரண்டில் ஒன்றைத்தான் காக்க இயலும் என்று கருதுவோர் பலர். மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய ஒரு கண் மருத்துவமனை, அவ்வினாவுக்குத் தன் செயலால் விடை கூறியது. அவ்விடையை ஆராய்கிறது இப்பாடம்.

இருவர் இழக்கும் வாழ்வு

கண்புரையால் பார்வை இழந்த முதியவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் கையிலுள்ள கோலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுவன் முன்னே நடக்கிறான். முதியவர் தம் உழைப்பை இழந்தார். அவருக்கு வழிகாட்டும் சிறுவன் தன் பள்ளியை இழந்தான். கண்ணில் உள்ள லென்சு ஒளிபுகாதவாறு மங்கிப்போவதே கண்புரை. அறுவைச் சிகிச்சையால் இதனைச் சரிசெய்ய இயலும். தீர்வு இருந்தும் மக்கள் இருளில் வாழ்ந்தனர் என்பதே துயரம். குறை மருத்துவ அறிவில் இல்லை. அவ்வறிவை மக்களிடம் கொண்டுசேர்க்கும் முறையில் இருந்தது. அக்குறையைக் களைய முற்பட்டவர் மருத்துவர் கோவிந்தப்ப வெங்கடசாமி.

மடங்கிய விரல்கள், மடங்காத உறுதி

எட்டயபுரம் அருகேயுள்ள வடமலாபுரம் என்னும் சிற்றூரில், உழவர் குடும்பத்தில் 1918-ஆம் ஆண்டு அவர் பிறந்தார். உறவுப் பெண்கள் மூவர் பேறுகாலத்தில் இறந்தது அவரது இளம் உள்ளத்தைப் பாதித்தது. மகப்பேறு மருத்துவராக வேண்டும் என விரும்பினார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, படைப்பிரிவில் மருத்துவராகப் பணியாற்றினார். அப்போது முடக்குவாதம் அவரைத் தாக்கியது. ஓராண்டுக்கும் மேலாகப் படுக்கையில் கிடந்தார். கைவிரல்கள் உருக்குலைந்தன. மகப்பேறு மருத்துவம் என்னும் கனவு கலைந்தது.

அவர் மனம் தளரவில்லை. கண் மருத்துவம் பயின்றார். தம் விரல்களுக்கு ஏற்பக் கருவிகளை அமைத்துக்கொண்டு, நுண்ணிய அறுவைச் சிகிச்சையில் தேர்ந்தார். வாழ்நாளில் அவர் செய்த கண் அறுவைச் சிகிச்சைகள் ஓர் இலட்சத்துக்கும் மிகுதி. மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறையின் தலைவராகப் பணியாற்றியபோது, ஊர்தோறும் முகாம்கள் நடத்தினார். 1973-இல் நடுவணரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

ஓய்வில் ஒரு தொடக்கம்

1976-இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற அவர், அதே ஆண்டில் மதுரையில் ஒரு வீட்டில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். வீடு அடகு வைக்கப்பட்டது. குடும்பத்தாரின் நகைகளும் ஈடாயின. தங்கை மருத்துவர் நாச்சியாரும் அவர்தம் கணவர் மருத்துவர் நம்பெருமாள்சாமியும் உடன் உழைத்தனர். தவிர்க்க இயலும் பார்வையிழப்பை ஒழிப்பதே நோக்கம். இயலாதவர் என்பதற்காக எவரையும் திருப்பி அனுப்புவதில்லை என்பது நெறி.

மருத்துவமனையும் ஒரு தொழில் ஆகுமா என்னும் ஐயம் எழலாம். பணியாளர்க்கு ஊதியம் தரவேண்டும், கருவிகள் வாங்கவேண்டும், மின்கட்டணம் செலுத்தவேண்டும். வரவு செலவைவிடக் குறையுமாயின், எத்துணை உயர்ந்த நோக்கமும் சில திங்களில் கதவடைத்துவிடும். ஆதலால், தொண்டு நிறுவனமும் தொழில்மேலாண்மை அறிந்திருத்தல் வேண்டும். கருணை தொடங்கிவைத்ததைக் கணக்கே நிலைபெறச் செய்யும்.

நேரமே முதலீடு

உலகெங்கும் கிளை பரப்பிய மெக்டொனால்ட்ஸ் உணவகங்களின் செயல்முறை வெங்கடசாமியின் கருத்தைக் கவர்ந்தது. எந்த ஊரிலும் ஒரே தரம், ஒரே முறை, குறைந்த செலவு. இவற்றை உணவில் கொணர இயலுமெனில், கண் மருத்துவத்தில் ஏன் இயலாது என வினவினார் அவர்.

மருத்துவமனையில் கிடைத்தற்கரிய பொருள் அறுவை மருத்துவரின் நேரமே என்பதை அவர் கண்டறிந்தார். அறுவை அரங்கில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள் அமைக்கப்பட்டன. ஒரு மேசையில் சிகிச்சை நடக்கும்போதே, அடுத்த மேசையில் மற்றொருவர் ஆயத்தம் செய்யப்படுவார். முதல் சிகிச்சை முடிந்ததும் மருத்துவர் காத்திராமல் அடுத்த மேசைக்குத் திரும்புவார். இவ்வாறு அங்கு ஒரு மருத்துவர் ஆண்டுக்கு ஏறத்தாழ 2000 அறுவைச் சிகிச்சைகள் செய்ய முடிந்தது. எண்ணிக்கை மிகுந்தால் தரம் குறையாதா? ஒரே பணியைப் பலமுறை செய்வதால் கை பழகுகிறது. ஒவ்வொரு சிகிச்சையின் விளைவும் பதிவுசெய்யப்பட்டு ஆராயப்படுவதால் பிழை திருத்தப்படுகிறது.

எண்ணிக்கை உயர உயர, ஒரு சிகிச்சைக்கு ஆகும் செலவு குறைந்தது. ஆகவே, பணம் செலுத்துவோர் தரும் கட்டணம் அவர்தம் செலவைத் தாங்கியதோடு, கட்டணமின்றிச் சிகிச்சை பெறுவோரின் செலவையும் தாங்கியது. கட்டணப் பிரிவில் அறை வசதி கூடுதலாக இருக்கும். மருத்துவத்தின் தரத்தில் வேறுபாடு இல்லை. மருத்துவர்கள் இரு பிரிவுகளிலும் முறைமாற்றிப் பணியாற்றுவர். இலவசப் பிரிவுக்கு வருவோரிடம் வறுமைக்குச் சான்று கேட்பதில்லை. எப்பிரிவு வேண்டும் என்பதை அவரே முடிவுசெய்வார். உதவி பெறுபவரின் தன்மதிப்பையும் காத்தல் இதன் சிறப்பு.

இலவசமும் போதாதபோது

சிகிச்சை இலவசம் என்று அறிவித்தும் பலர் வரவில்லை. காரணம் என்ன? பேருந்துக் கட்டணம் வேண்டும். உணவுக்குப் பணம் வேண்டும். துணைக்கு வருபவர் ஒருவர் வேண்டும். அவருடைய கூலியும் போகும். ஏழைக்கு இலவசமும் விலையுடையதே! இதனை உணர்ந்த மருத்துவமனை, மக்களைக் குறைகூறாமல் தன் முறையை மாற்றிக்கொண்டது. முகாமில் தேர்ந்தெடுக்கப்பட்டோரை மருத்துவமனைக்கு அழைத்து வந்து, உணவும் உறைவிடமும் தந்து, மீண்டும் ஊரில் சேர்த்தது. உள்ளூர் அமைப்புகள் முகாம் செலவில் துணைநின்றன. பின்னாளில், சிற்றூர்களிலேயே சிறிய பார்வை மையங்கள் அமைக்கப்பட்டன. அங்கு வருவோரைத் தொலைவிலுள்ள மருத்துவர் காணொலி வழியாகக் கண்டு அறிவுரை கூறுகிறார்.

மக்களை முதன்மைப்படுத்தல் என்பது அவர்களுக்குக் கொடுப்பதோடு முடிவதன்று. கொடுத்தது அவர்களைச் சென்றடையவில்லை எனில் ஏன் என்று கேட்பதும் ஆகும்.

உடன் உழைப்போர்

இப்பணியின் பெரும்பகுதியைத் தாங்குபவர்கள் சிற்றூர்களிலிருந்து வந்த இளம்பெண்கள். பள்ளிப்படிப்பை முடித்த அவர்களுக்கு இரண்டு ஆண்டுகள் பயிற்சி அளிக்கப்படுகிறது. பார்வைத்திறனை அளத்தல், அறுவை அரங்கில் துணைபுரிதல், நோயாளிக்கு விளக்கமளித்தல் ஆகியவற்றில் அவர்கள் தேர்ச்சி பெறுகின்றனர். மருத்துவர் மட்டுமே செய்யத்தக்கது எது, பயிற்சி பெற்றவரும் செவ்வனே செய்யத்தக்கது எது எனப் பிரித்தறிந்ததால் மருத்துவரின் நேரம் மிஞ்சியது. அதனுடன், ஊரை விட்டு வெளியேறி அறியாத பெண்களுக்குத் தொழிலறிவும் சொந்த வருவாயும் கிடைத்தன.

லென்சின் விலை

முன்பு கண்புரையை அகற்றியபின் தடித்த கண்ணாடி அணிய வேண்டியிருந்தது. கண்ணுக்குள்ளேயே செயற்கை லென்சைப் பொருத்தும் முறையை 1949-இல் இலண்டனில் ஹரால்டு ரிட்லி தொடங்கிவைத்தார். ஆயினும், நூறு டாலருக்கும் மேல் விலையுடைய இறக்குமதி லென்சு எளியோர்க்கு எட்டவில்லை. லென்சு எட்டாததால் ஏழையின் பார்வை ஒருபடி குறைந்ததாகவே இருக்கலாமா? இவ்வினாவின் விளைவாக, 1992-இல் மதுரையில் ஆரோலேப் தொழிற்கூடம் தொடங்கப்பட்டது. லென்சின் விலை பத்து டாலர் அளவுக்குக் குறைந்தது. இன்று அதன் தயாரிப்புகள் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் செல்கின்றன.

தலைமையின் இலக்கணம்

தம் வெற்றியின் மறையைக் காப்பதே வணிகத்தின் இயல்பு. அரவிந்த் நிறுவனமோ தன் செயல்முறைகளைப் பிற மருத்துவமனைகளுக்குக் கற்பித்தது. பணம் ஈட்டுவதே நோக்கமாயின், பிறர் கற்றுக்கொள்வது இழப்பு; பார்வையிழப்பை ஒழிப்பதே நோக்கமாயின், பிறர் கற்றுக்கொள்வதும் வெற்றியே. நோக்கம் மாறும்போது இழப்பு, ஈட்டம் என்னும் சொற்களின் பொருளும் மாறுகிறது.

எல்லாத் தொழிலுக்கும் இம்முறை அப்படியே பொருந்தாது. ஆயினும், யாருக்காக இத்தொழில் என்னும் வினாவை எந்தத் தொழிலும் தவிர்க்க இயலாது. 2006-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் வெங்கடசாமி மறைந்தார். மருத்துவமனை வளர்ந்துகொண்டே இருக்கிறது. தாம் இல்லாதபோதும் நடக்குமாறு ஒரு நற்பணியை அமைத்துச் செல்வதே தலைமை. கோலைப் பிடித்து நடந்த சிறுவன் மீண்டும் பள்ளிக்குச் செல்வதே அதன் ஊதியம்.

தெரிந்து தெளிவோம்

அரவிந்த் கண் மருத்துவமனையின் செயல்முறை குறித்து, அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகப் பள்ளி 1993-இல் ஆய்வுப்பாடம் ஒன்றை வெளியிட்டது. மேலாண்மை பயிலும் மாணவர்கள் அதனைக் கற்கின்றனர். மனிதநேயப் பணிக்கான ஹில்டன் விருது 2010-இல் இந்நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலுள்ள கடை, பட்டறை அல்லது கூட்டுறவுச் சங்கம் ஒன்றைக் கண்டு, அங்கு வாடிக்கையாளரும் பணியாளரும் எவ்வாறு மதிக்கப்படுகின்றனர் என்பதை எழுதி, வகுப்பறையில் படித்துக்காட்டுக.
2. 'ஏழைக்கு இலவசமும் விலையுடையதே' என்னும் கருத்தை ஒட்டி வகுப்பில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

குறுவினா
1. அறுவை அரங்கில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள் அமைக்கப்பட்டது ஏன்?
2. இலவசப் பிரிவில் வறுமைக்குச் சான்று கேட்கப்படாமையால் விளையும் நன்மை யாது?

சிறுவினா
1. சிகிச்சை இலவசமாக இருந்தும் மக்கள் வராமைக்குக் காரணங்களையும், மருத்துவமனை கண்ட தீர்வையும் விளக்குக.

நெடுவினா
1. 'கருணை தொடங்கிவைத்ததைக் கணக்கே நிலைபெறச் செய்யும்' – இக்கூற்றைப் பாடப்பகுதி கொண்டு நிறுவுக.