உழவு இயந்திரத்தின் ஹைட்ரோலிக் எண்ணெய் மிகையாகச் சூடேறுதல்: காரணத்தை அறியும் முறை

முன்னுரை

பெரும்போக மழை விழுந்து வயல் உழவுக்குப் பதமாக இருக்கும் நாட்கள் சிலவே. அந்நாட்களில் உழவு இயந்திரம் வரம்போரத்தில் நின்றுவிடின், கமக்காரருக்கு உண்டாகும் நட்டம் பழுது பார்க்கும் செலவோடு முடிவதில்லை. விதைப்புப் பிந்தும், பிந்திய பயிர் போகத்தின் இறுதியில் நீர் முட்டுப்பாட்டுக்கும் ஆளாகலாம். கலப்பையை உயர்த்தும் கைகள் நேரஞ் செல்லச் செல்லச் சோர்வடைதல், பம்பியில் இரைச்சல் கேட்டல், எண்ணெய் கருகும் நெடி வீசுதல் ஆகியன அத்தகைய நிறுத்தத்துக்கு முன்னறிகுறிகளாம்.

இவற்றைக் கண்டவுடன் புது எண்ணெய் ஊற்றுவதும், பம்பியை மாற்றுவதும் பலரது வழக்கம். ஆனால் மிகைச்சூடு நோயன்று, நோயின் குறியே. காரணம் நீங்காவிடின் புது எண்ணெயும் விரைவிற் கெடும். ஆதலால், செலவற்ற சோதனைகளை முதலிலும் செலவுமிக்கவற்றைக் கடைசியிலும் வைத்துக் காரணத்தைத் தேடும் ஒழுங்கு இங்கு கூறப்படுகின்றது. சிறிய நான்கு சக்கர உழவு இயந்திரங்களுக்கு இது பொருந்தும்.

சூடு எவ்வாறு பிறக்கின்றது?

பம்பி எண்ணெயை அழுத்தத்துடன் தள்ளுகின்றது. அவ்வெண்ணெய் உருளையினுள் சென்று ஆடுதண்டைத் தள்ளும்போது, அதன் வலு கலப்பையை உயர்த்துவதிற் பெரும்பாலும் செலவாகின்றது. அழுத்தம் பெற்ற எண்ணெய் எதையும் உயர்த்தாமல் ஓர் ஒடுங்கிய வழியால் நழுவித் தாங்கிக்குத் திரும்புமாயின், அவ்வலு முழுவதும் சூடாக மாறும். எனவே, "எண்ணெய் வேலை செய்யாமல் எங்கே நழுவுகின்றது?" என்பதே முதல் வினா. "பிறந்த சூடு வெளியேறாமல் எது தடுக்கின்றது?" என்பது இரண்டாம் வினா.

ஓர் உதாரணத்தைக் கொள்வோம். பம்பி நிமிடத்துக்கு 30 லீற்றர் எண்ணெயைச் சதுர சதமமீற்றருக்கு 150 கிலோகிராம் அழுத்தத்தில் தள்ளுகின்றது. அவ்வளவும் அழுத்தம் தணிக்கும் வால்வினூடாக வீணே திரும்பின், ஏறத்தாழ 10 பரிவலு சூடாக மாறும். தாங்கியில் 20 லீற்றர் எண்ணெய் இருப்பின், இரும்பு உடல் ஏற்கும் சூட்டைக் கணக்கில் எடாதவிடத்து, எண்ணெயின் வெப்பநிலை நிமிடத்துக்கு ஏறக்குறைய 13 பாகை வீதம் உயரும். நெம்பு ஒன்றைத் தவறான நிலையில் விட்டுச் சிறிது நேரம் ஓட்டுவதாலேயே எண்ணெய் கெடக்கூடும் என்பது இதனாற் புலனாகும்.

எவ்வளவு சூடு மிகையாகும்?

எண்ணெய் 40 முதல் 60 பாகை செல்சியசு வரை இருத்தல் நன்று. 80 பாகையைத் தாண்டின் எண்ணெய் மெலிந்து போகும். ஒயில் சீல் எனப்படும் இறப்பர் வளையங்கள் இறுகி வெடிக்கத் தொடங்கும். உயர்ந்த வெப்பநிலையில் ஒவ்வொரு 10 பாகை உயர்வுக்கும் எண்ணெய் கெடும் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது பொது விதி. குறித்த இயந்திரத்துக்கு உரிய எல்லையைக் கைந்நூலிற் காண்க.

கையால் தொட்டுச் சூட்டை மதிப்பிடுதல் ஆகாது. தொடாமல் அளக்கும் வெப்பமானி கடைகளில் விற்கப்படுகின்றது. கமக்காரர் சிலர் கூடி ஒன்றை வாங்கிப் பயன்படுத்தலாம்.

சோதனைக்கு முன்

கலப்பையை நிலத்தில் இறக்குக. எஞ்சினை நிறுத்தி, நெம்புகளை முன்னும் பின்னும் அசைத்துக் குழாய்களில் எஞ்சிய அழுத்தத்தை நீக்குக. உயர்த்திய கலப்பையின் கீழ் ஒருபோதும் நுழைதல் ஆகாது. ஒழுக்கைத் தேடுவதற்குக் கையை விடாது, மட்டைத் துண்டொன்றைப் பிடிக்கவும். ஊசித்துளை போன்ற வெடிப்பிலிருந்து பாயும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்செல்லும். காயம் சிறு புள்ளியாகத் தோன்றினும், வலி இல்லாவிடினும், உடனே வைத்தியசாலைக்குச் சென்று எண்ணெய் உட்புகுந்தது என்பதைக் கூறுதல் வேண்டும். தாமதித்தால் விரலையோ கையையோ இழக்க நேரிடலாம்.

சோதனை ஒழுங்கு

1. எண்ணெயின் மட்டம். இயந்திரத்தைச் சமநிலத்தில் நிறுத்தி அளவுகோலைப் பார்க்கவும். எண்ணெய் குறைவாயின், எஞ்சியது ஓய்வின்றிச் சுழன்று சூடேறும். பம்பி காற்றையும் உறிஞ்சும். குறைந்ததை நிரப்புவதோடு நில்லாது, அது எவ்வழியாற் போயிற்று என்பதையும் அறிதல் வேண்டும்.

2. எண்ணெயின் நிறம். சூடாறிய எண்ணெயில் சிறிதளவைத் தெளிந்த கண்ணாடிப் போத்தலில் எடுத்து வைக்கவும். பால் போன்ற வெண்மை ஏறத்தாழ ஒரு மணி நேரத்துள் தெளிந்துவிடின் அது காற்றினால் வந்தது. உறிஞ்சு குழாயின் பூட்டுகளில் தளர்வு உண்டோ எனப் பார்க்கவும். வெண்மை நீடித்தாலோ, மறுநாள் அடியில் நீர் தங்கினாலோ, நீர் புகுந்துள்ளது என்பது தெளிவு. ஆழச் சேற்றில் உழும் இயந்திரங்களில், அச்சின் ஒயில் சீல் தேய்ந்த இடத்தால் சேற்றுநீர் உட்புகுவதுண்டு. பல சிறிய உழவு இயந்திரங்களில் கியர்ப் பெட்டிக்கும் ஹைட்ரோலிக்குக்கும் எண்ணெய் ஒன்றே. ஆகையால் இந்நீர் இரண்டையும் கெடுக்கும். எண்ணெய் கறுத்துக் கருகிய மணம் வீசின், அது முன்னரே மிகையாகச் சூடேறிக் கெட்டதாகும்.

3. எண்ணெயின் இனம். கைந்நூல் கூறும் இனமே ஊற்றப்பட்டதா? மிக மெல்லிய எண்ணெய் பம்பியினுள்ளேயே நழுவிச் சூட்டை உண்டாக்கும். மிகத் தடித்த எண்ணெய் உறிஞ்சு குழாயில் ஓடமாட்டாது. எஞ்சினிலிருந்து கழித்த எண்ணெயை ஊற்றுதல் சிக்கனமன்று; பம்பியை அழிக்கும் வழியாகும்.

4. வெளிப்புறத் தூய்மை. பின்னச்சுப் பெட்டியின் இரும்பு உடலே பல இயந்திரங்களில் எண்ணெயைக் குளிர்விக்கின்றது. அதன்மேற் காய்ந்த சேறு போர்வை போலச் சூட்டை உள்ளே அடைத்து வைக்கும். எண்ணெய் குளிராக்கி உள்ள இயந்திரமாயின், சூடடிப்புக் காலத்துப் பதரும் தூசும் அதன் தகடுகளை மூடியிருத்தல் கூடும். உள்ளிருந்து வெளிநோக்கி மென்மையாக ஊதிச் சுத்தஞ் செய்க.

5. நெம்பும் பாரமும். பெரிதும் கவனிக்கப்படாத காரணம் இதுவே. உயர்த்தும் நெம்பு மிக உச்சியில் இருக்கையில் ஓயாத சீறல் ஒலி கேட்குமாயின், அழுத்தம் தணிக்கும் வால்வு திறந்தே நிற்கின்றது. நெம்பைச் சற்றுத் தாழ்த்த ஒலி அடங்கின், நெம்பின் எல்லையைச் சீராக்குதலே பரிகாரம். சாய்த்துக் கொட்டும் பெட்டியின் நெம்பு நடுநிலைக்குத் திரும்பாது ஒட்டிக்கொண்டாலும் இதே தீங்கு நேரும். இயந்திரத்தின் ஆற்றலுக்கு மிஞ்சிய கலப்பையைப் பூட்டியிருப்பினும் இவ்வாறே நிகழும்.

6. வடிகட்டி. அடைபட்ட வடிகட்டி பம்பியைப் பட்டினி போடும். அப்போது பம்பி கற்களை அரைப்பது போல இரையும். வடிகட்டியில் மினுங்கும் உலோகத் தூள் காணப்படின், உள்ளே தேய்வு தொடங்கிவிட்டது.

7. உள்ளொழுக்கு. மேற்கூறியவை யாவும் சரியாயிருந்தும் சூடு தணியாவிடின், கலப்பையை உயர்த்தி எஞ்சினை நிறுத்தி, விலகி நின்று அதன் உயரத்தைக் குறித்துக்கொள்க. கலப்பை விரைந்து இறங்குமாயின், உருளையின் வளையமோ கட்டுப்பாட்டு வால்வோ ஒழுகுகின்றது. இறங்காது நின்று, ஆனால் குளிர்ந்த வேளையில் நன்றாகவும் சூடேறியபின் மிக மெதுவாகவும் உயருமாயின், பம்பி தேய்ந்திருத்தல் கூடும். இதற்கு மாறாக, காலையில் மெதுவாகவும் சூடேறியபின் செம்மையாகவும் உயருமாயின், தடித்த எண்ணெயையோ அடைபட்ட வடிகட்டியையோ ஐயுறுக.

அழுத்தம் தணிக்கும் வால்வின் அமைப்பை அளவிக் கருவியின்றி இறுக்குதல் பேராபத்தாகும். அழுத்தம் எல்லை மீறின் குழாய் வெடிக்கும். இவ்வேலையையும் பம்பியைத் திறத்தலையும் பயிற்சி பெற்ற பொறிவினைஞரிடம் விடுக. மேற்படி சோதனைகளிற் கண்டவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், அவர் வீணே பாகங்களை மாற்ற வேண்டியதில்லை.

வயலில் சூடேறினால்

கலப்பையை இறக்கி, நெம்புகளை நடுநிலையில் வைத்து, எஞ்சினைச் சில நிமிடம் மெதுவாக ஓடவிட்டுப் பின் நிறுத்துக. கொதிக்கும் இரும்பின்மேல் வாய்க்கால் நீரை ஊற்றின் அது வெடிக்கக்கூடும். தாங்கியின் மூடியைச் சூடாறியபின்னரே திறக்கவும்.

காத்துக்கொள்ளும் வழி

ஒவ்வொரு நாளும் வேலை முடிந்தபின் சேற்றைக் கழுவுக. காலையில் எண்ணெய் மட்டத்தைப் பார்க்கவும். கைந்நூல் கூறும் மணி அளவில் எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றுக. எண்ணெய் ஊற்றுமுன் மூடியைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்தல் அவசியம். கழித்த எண்ணெயை வாய்க்காலிலோ வயலிலோ கொட்டாது, மூடிய கலனிற் சேர்த்து வைத்து, அதனைச் சேகரிப்போரிடம் ஒப்படைத்தல் வேண்டும். நீரையும் மண்ணையும் கெடுத்துப் பயிரைக் காத்தல் இயலாது.

போகம் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்னரே இச்சோதனைகளை முற்றத்தில் நிறுத்திச் செய்துகொள்ளும் கமக்காரர், மழை விழுந்தபின் பொறிவினைஞரைத் தேடி அலைய நேராது. மேலும் விளக்கம் வேண்டுவோர் தமது பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகலாம்.