விசிறி சுற்றும்போது அளந்து பார், தம்பி



நீ அனுப்பிய படங்களை நேற்று இரவு பெரிதாக்கிப் பார்த்தேன். 1986ஆம் ஆண்டு வொல்வோ 240. பெல்ற்றில் ஓடுகிற விசிறியைக் கழற்றிவிட்டு மின்விசிறி பூட்டப்போகிறாய். வயரை எப்படி இழுப்பது என்று கேட்டிருக்கிறாய். கல்லூரியின் அஷ்ரன்பீ வளாகத்தில் கார் மெக்கானிக் பயிற்சியின் முதலாம் படி முடித்த கையோடு இப்படியொரு வேலையைத் தொட நினைத்தது எனக்குச் சந்தோஷம். 310எஸ் சான்றிதழுக்கு நீ கடக்கவேண்டிய 7,220 மணித்தியாலத்தில் இதைக் கணக்கில் எடுக்கமாட்டார்கள். ஆனாலும் இந்த ஒரு வேலையை ஒழுங்காகச் செய்தால் மின்சாரத்தைப் பற்றிய பாதிப் பயம் உன்னை விட்டுப் போய்விடும். உன் வயதுப் பிள்ளைகள் இன்னும் சிலரும் இதே கேள்வியோடு வருவதால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல். கார் சூடேறுகிறது என்பதற்காகவா விசிறியை மாற்றுகிறாய்? அப்படியென்றால் பொறு. நெடுஞ்சாலையில் ஓடும்போது சூடேறினால் அது விசிறியின் குற்றமே அல்ல. 60 கிலோமீற்றர் வேகத்துக்கு மேல் போனால் எதிர்க்காற்றே றேடியேற்றருக்குப் போதும். றேடியேற்றர் அடைத்திருக்கும், தெர்மோஸ்ராற் பாதியில் நின்றிருக்கும், இல்லையென்றால் மூடியின் ரப்பர் போயிருக்கும். நோயை விட்டுவிட்டு விசிறியை மாற்றினால் காசுதான் போகும்.

குளிருக்காக மாற்றுகிறாய் என்றால் அது நல்ல காரணம். நான் தொழில் பழகியது யாழ்ப்பாணத்தில், 1990களின் முதற்பாதியில், பொருளாதாரத் தடை இருந்த காலத்தில். பெற்றோல் மருந்துபோல. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். ஆறின எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, புகைதான் வரும். எஞ்சினுக்குச் சூடும் ஒரு தேவை என்று அங்கேதான் படித்தேன், அதுவும் வெயில் கொளுத்துகிற ஊரில். இங்கே ரொறன்ரோவில் சனவரிக் காலையில், கழித்தல் 15 பாகையில், பெல்ற் விசிறி எஞ்சினோடு சேர்ந்து தானும் சுற்றிக்கொண்டிருக்கிறது. நடுவில் உள்ள கிளச் நல்ல நிலையில் இருந்தால் பாதகமில்லை. பழைய காரில் அது இறுகிப்போனால் ஹீற்றர் சூடாகப் பாதி வழி ஆகும். மின்விசிறி தேவைப்படும்போது மட்டும்தான் எழும்பும். அதுதான் அதன் பெருமை.

இனி வயருக்கு வருகிறேன். அதற்கு முன்னால் நான் செய்த ஒரு பிழையைச் சொல்லவேண்டும்.

1990களின் கடைசியில், ஸ்காபரோவில் வேலை தொடங்கிய புதிது. விசிறிக் கிளச் பழுதான பழைய வான் ஒன்றுக்கு மின்விசிறி பூட்டினேன். ரெஸ்ற் லாம்பை வைத்துப் பார்த்தேன், பளிச்சென்று எரிந்தது. விசிறியும் சுற்றியது. சரி என்று கொடுத்துவிட்டேன். வானின் சொந்தக்கார அண்ணர் குடும்பத்தோடு மொன்றியலுக்குக் கல்யாணத்துக்குப் போனார். நெடுஞ்சாலையில் ஐந்நூறு கிலோமீற்றருக்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. ஓடுகிற வண்டிக்கு விசிறி வேண்டாமே. டெக்காறி நெடுஞ்சாலையின் பள்ளத்தில், கோடை வெயிலில், வாகன நெரிசலில் நின்ற இடத்தில்தான் ஊசி சிவப்புக்கு ஏறியது. பின்சீற்றில் சின்னப் பிள்ளைகள். முகூர்த்தம் தப்பிப்போனது. திரும்பி வந்து அவர் என்னோடு சண்டை பிடிக்கவில்லை. "விசிறி சுற்றினது தம்பி, ஆனால் காத்து வரேல்லை" என்று மட்டும் சொன்னார். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகியும் அந்தச் சொல் என் காதில் இருக்கிறது.

அந்த வானின் பொனற்றைத் திறந்து, விசிறியை ஓடவிட்டு, இந்த முறை மீற்றரை வைத்தேன். பற்றறியில் 13.8 வோல்ற். விசிறியின் வாயில் 9.6. நடுவில் 4.2 வோல்ற்றை வழி தின்றிருந்தது. றிலேயின் 87ஆம் கால் செருகுமிடத்தில் பிளாஸ்ரிக் தேயிலைச் சாயம்போல் பழுப்பேறி இருந்தது. கிறவுண்ட் வயரை நான் பெயின்ற்றுக்கு மேலேயே ஆணி முறுக்கி வைத்திருந்தேன். அடியில் செம்மண்போலத் துரு.

ரெஸ்ற் லாம்ப் ஏன் என்னை ஏமாற்றியது என்று யோசி. அது இழுப்பது கால் அம்பியர் அளவுதான். பத்து இழையில் ஒன்பது அறுந்த வயரும் அந்தக் கால் அம்பியரைத் தாராளமாகக் கொண்டுவரும். விசிறி கேட்பதோ 20, 25 அம்பியர். எழும்புகிற நொடியில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. ஒருவர் நடந்துபோகப் போதுமான பாலம் லொறிக்கும் போதும் என்று நான் எழுதிக் கொடுத்ததுபோல் ஆயிற்று. ஆகவே, தம்பி, சுமை ஏறாத நேரத்தில் எடுத்த அளவு அளவே அல்ல. விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்போது மீற்றரின் சிவப்பு முனையைப் பற்றறியின் பொசிற்றிவ் தலையிலும் கறுப்பு முனையை விசிறியின் பொசிற்றிவ் முனையிலும் வை. வருகிற எண்தான் போகிற வழியில் தொலைந்த வோல்ற். அரைக்குள் இருக்கவேண்டும். பிறகு விசிறியின் கிறவுண்ட் முனைக்கும் பற்றறியின் நெகற்றிவ் தலைக்கும் நடுவில் அதே மாதிரிப் பார். அங்கே 0.2க்குள் நிற்கவேண்டும். இந்த இரண்டு எண்ணையும் எழுதி வைக்காத விசிறி வேலை முடிந்த வேலை இல்லை. நான் இன்றைக்கும் மாஸ்கிங் ரேப்பில் எழுதி விசிறிக் கூட்டின் ஓரத்தில் ஒட்டிவிடுகிறேன். அடுத்ததாகத் திறப்பவர் எவராக இருந்தாலும் அவருக்கு அது உதவும்.

இப்போது கணக்கு. பற்றறியிலிருந்து விசிறிவரை 3 மீற்றர் என்று வை. 16ஆம் கேஜ் வயரில் 25 அம்பியர் ஓடினால் ஒரு வோல்ற் தொலையும்; அதோடு வயருக்குள் 25 வாற் சூடு பிறக்கும். சின்னச் சாலிடரிங் அயன் ஒன்றின் சூடு அது. 3 மீற்றரில் பரவியிருப்பதால் வயர் தாங்கிக்கொள்கிறது. மோசமான ஒரு மூட்டில் இத்தனை சூடும் ஒரே புள்ளியில் கூடினால்தான் பிளாஸ்ரிக் உருகும். அதே தூரத்துக்கு 10ஆம் கேஜ் போட்டால் தொலைவது கால் வோல்ற், சூடு 6 வாற் அளவு. கேஜ் எண் குறையக் குறைய வயர் மொத்தமாகும் என்பதை மறக்காதே. அதில் தடுமாறின பெரியவர்களையும் கண்டிருக்கிறேன். இன்னொன்று, மலிவாக வருகிற வயரில் பல இப்போது அலுமினியத்துக்கு மேல் செப்புப் பூச்சு. அதன் தடை செப்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. கத்தியால் ஓர் இழையைச் சுரண்டு. உள்ளே வெள்ளையாக மின்னினால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடு.

உன் காரில் தனியாக ஒரு பிரச்சினை இருக்கிறது. 1980 முதல் 1987 வரையான வொல்வோக்களில் எஞ்சின் பக்கத்து வயர்க்கட்டின் மேலுறை காலத்தில் பொடிந்துவிடும். நீ அனுப்பிய மூன்றாவது படத்தில், ஓல்ரனேற்றருக்குப் பின்னால், காய்ந்த வேப்பம்பட்டைபோல் வெடித்து நிற்பது அதுதான். விரலால் மெல்ல வளைத்துப் பார், துகள் கொட்டும், செப்பு தெரியும். அந்தக் கட்டிலிருந்து விசிறிக்கு ஒரு வயரும் எடுக்காதே. முதலில் கட்டை மாற்று. அதற்குக் காசு இல்லையென்றால் விசிறி அடுத்த வருடம் வரட்டும். ஓல்ரனேற்றரில் பொறித்திருக்கிற அம்பியரையும் பார். மாரியில் இரவு வீடு திரும்பும்போது முன்விளக்கு, பின்கண்ணாடிச் சூடாக்கி, ஹீற்றர் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். சிக்னலில் நிற்கிற எஞ்சினில் ஓல்ரனேற்றர் தன் முழு அம்பியரையும் தராது.

பாதையை இப்படி எடு. பற்றறியின் பொசிற்றிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ். பியூஸ் காப்பாற்றுவது வயரை, விசிறியை அல்ல. பற்றறிக்கும் பியூஸுக்கும் நடுவில் உள்ள துண்டுக்குக் காவல் இல்லை, ஆதலால் அதை எவ்வளவு குறுக்கமுடியுமோ அவ்வளவு குறுக்கு. 25 அம்பியர் விசிறிக்கு 10ஆம் கேஜ் வயரும் 40 அம்பியர் பியூஸும் சரியாக வரும். அங்கிருந்து றிலேயின் 30ஆம் கால், 87இலிருந்து விசிறி. 86க்கு இக்னிஷனிலிருந்து மெல்லிய வயர், 85 வெப்ப உணரிக்கு. சூடேறும்போது உணரி அதைக் கிறவுண்டில் சேர்க்கும். றிலேயின் சுருள் இழுப்பது கால் அம்பியருக்கும் குறைவு.

30ஆம் காலுக்கும் இக்னிஷன் வயரிலிருந்தே எடுத்தால் வயர் மிச்சம் என்று யாராவது சொல்வார்கள். செய்யாதே. திறப்பை மூடிய பிறகும் விசிறி தன் வேகத்தில் சில நொடி சுற்றும். அப்படிச் சுற்றுகிற மோட்டர் டைனமோவாகி மின்சாரத்தைத் திருப்பி இக்னிஷனுக்கே அனுப்பும். திறப்பு கையில் இருக்க எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். முதல் தடவை கண்டபோது எனக்கு நெஞ்சு பதறியது.

உணரி தெர்மோஸ்ராற்றோடு பேசவேண்டும். உன் தெர்மோஸ்ராற்றில் 87 என்று பொறித்திருந்தால் விசிறி நிற்கிற சூடு அதற்கு மேலே, 91, 92இல் இருக்கட்டும். எழும்புவது 97 அளவில். நிற்கிற சூட்டை 85இல் வைத்தால் அந்தச் சூட்டுக்கு எஞ்சின் இறங்காது. விசிறிக்கும் ஓய்வு இராது. றேடியேற்றரின் சிறகுக்குள் குத்தி வைக்கிற உணரி வேண்டாம், முறுக்கிப் பூட்டுகிறதை வாங்கு. ஒற்றை வயர் உணரிக்கு மரையே கிறவுண்ட். வெள்ளை ரேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றினால் அது ஊமையாகிவிடும். விசிறியை றேடியேற்றருக்குள்ளால் பிளாஸ்ரிக் கட்டுகளால் தைக்கிற பழக்கமும் எனக்குப் பிடிக்காது. அதிர்ந்து அதிர்ந்து குழாயை அறுக்கும். இரும்புப் பட்டை வளைத்துச் சட்டத்தில் பூட்டு.

பூட்டியதும் காற்றுப் போகும் திசையைப் பார். எஞ்சின் பக்கம் பூட்டினால் விசிறி காற்றை உள்ளே இழுக்கவேண்டும். றேடியேற்றரின் முகத்தில் ஒரு ரிஷூ ஒட்டிக்கொண்டால் சரி. நாளைக்கு யாராவது பழைய மொறிஸ் மைனரைக் கொண்டுவந்து இதே வேலையைக் கேட்டால் இன்னும் கவனம். அந்தக் கார்களில் பாடியோடு சேர்ந்திருப்பது பற்றறியின் பொசிற்றிவ். இங்கே பழகின கையோடு வயரைக் கொடுத்தால் விசிறி மறுபக்கம் சுற்றும். ஊரில் அந்த வழக்கத்தில் வளர்ந்த எனக்கு இங்கே வந்து எல்லாவற்றையும் தலைகீழாகப் படிக்கவேண்டியிருந்தது.

இந்த நகரத்தில் வயருக்கு முதல் எதிரி உப்பு. மார்கழி தொடங்கிப் பங்குனி வரை தெருவில் கொட்டுகிற உப்பு கரைந்து எல்லா மூட்டுக்குள்ளும் ஏறுகிறது. கிறவுண்ட் வைக்குமிடத்தில் பெயின்ற்றைச் சுரண்டி இரும்பை வெளிச்சமாக்கு, பல்லுள்ள வாஷர் போடு, முறுக்கிய பிறகு மேலே கிறீஸ் பூசு. இன்னும் நல்லது, விசிறியின் கிறவுண்டை நேரே பற்றறிக்கே கொண்டுபோ. மூட்டுகளை நல்ல கிறிம்ப் குறட்டால் நெரித்து, உள்ளே பசை உள்ள சுருங்கு குழாயால் மூடு. நெரித்ததும் இழுத்துப் பார். கழன்றால் கழன்றது நல்லது; இங்கே கழன்றதால்தான் டெக்காறியில் கழலாது.

வேலையைத் தொடங்க முன்னம் பற்றறியின் நெகற்றிவைக் கழற்று. புதிய கார்களில் எஞ்சின் நின்ற பிறகும் விசிறி தானாக எழும்பும். விசிறிக் கூட்டில் ஒட்டியிருக்கிற எச்சரிக்கைக் கைப்படம் அலங்காரத்துக்கு இல்லை. என்னோடு வேலைசெய்த ஒருவருக்கு மோதிரவிரலின் நுனி இல்லை. றேடியேற்றரில் இருந்து இறக்குகிற பச்சைத் தண்ணீரை நிலத்தில் விடாதே. அது இனிக்கும், பூனையும் நாயும் நக்கும், நக்கினால் சாகும்.

வருகிற சனிக்கிழமை கராஜ் இரண்டு மணிக்கு மூடும். அதற்குப் பிறகு காரைக் கொண்டுவா. வயர்க்கட்டை இருவருமாக அவிழ்த்துப் பார்ப்போம். என்னிடம் அம்பியர் கிளாம்ப் இருக்கிறது. மீற்றர் உன்னுடையதாக இருக்கட்டும், அதன் பற்றறியை மாற்றிக்கொண்டு வா.

அன்புடன்,
உன் அண்ணன்
ஸ்காபரோ